டிவியில் விம்பிள்டன்... பந்தை விடுங்க, முகத்தைப் பாருங்க!

‘‘நீ டென்னிஸ் ஆடுவியா?’’

விம்பிள்டன் பார்ப்பேன் என்று சொன்னால் போதும்... அடுத்த நொடியே இந்தக் கேள்வி வந்து விழும். ‘இல்லையே’ என்றால், ‘அப்புறம் எதுக்குப் பார்க்கிறே?’ என்று ஒரு பார்வை. கிரிக்கெட் பார்க்கிற யாரையாவது இப்படிக் கேட்டதுண்டா? சினிமாவுக்குப் போறவனை நிறுத்தி, ‘நீ நடிப்பியா?’ன்னு யாராவது விசாரிச்சிருக்காங்களா? டென்னிஸுக்கு மட்டும் வாசல்லயே ஹால் டிக்கெட் செக்கிங்!

பதிலைச் சொல்லிடறேன். நான் டென்னிஸ் ராக்கெட்டைக் கையால் தொட்டதுகூட இல்லை. சொந்த ஊர் கோவில்பட்டி. ஹாக்கிக்குப் பேர்போன ஊர். ஹாக்கி ஸ்டிக் பிடிக்காத தெரு எங்க ஊர்ல கிடையாது. டென்னிஸ் என்பது அங்கே ஒரு சத்தம் மட்டும்தான். சாயங்காலம் டியூஷனுக்குப் போகும்போது, ஒரு காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ‘டொக்... டொக்...’ என்று கேட்கும். யார் ஆடுறாங்க, எத்தனை பேர், ஒண்ணும் தெரியாது. எப்போதாவது ஒரு மஞ்சள் பந்து சுவரைத் தாண்டி ரோட்டில் வந்து விழும். எடுத்து உள்ளே வீசிட்டுப் போவோம். எனக்கும் அந்த விளையாட்டுக்கும் அவ்வளவுதான் உறவு. சுவருக்கு அந்தப் பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போனது, வீட்டு ஹாலில் இருந்த டிவி.

டைமிங்கும் ஒத்துழைச்சது. நாலு கிராண்ட்ஸ்லாமில் ஆஸ்திரேலியன் ஓப்பன் நமக்கு விடிகாலையில் ஆரம்பித்துவிடும்... ஜனவரியில் காலேஜுக்குக் கிளம்பணுமா, மேட்ச் பார்க்கணுமா? யு.எஸ். ஓப்பன் நடுராத்திரி ஆட்டம். பார்த்தால் மறுநாள் முதல் பீரியடில் கொட்டாவி கேரண்டி. ஆனால் விம்பிள்டனுக்கும் நமக்கும் நாலரை மணி நேரம்தான் வித்தியாசம். லண்டனில் காலை 11 மணிக்கு வெளி கோர்ட்டுகளில் ஆட்டம் தொடங்கினால் நமக்கு மதியம் 3.30. ஸ்கூல் விட்டு வந்து, பையைப் போட்டுட்டு, டீ டம்ளரோட உட்கார்ந்தா சரியா இருக்கும். ஜூன் கடைசியில் ஆரம்பித்து ரெண்டு வாரம், சீரியல் பார்க்கிற அம்மாவோட ஒரு யுத்தம் நடத்தினா போதும்.

எங்க வீட்டில் இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தவர் சித்தப்பா. சென்னையில் படிச்சவர். 2008-ம் வருஷம் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் சென்னை ஓப்பன் பார்த்ததை இன்னிக்கும் பெருமையா சொல்வார். அந்த வருஷ செமி ஃபைனலில் ரஃபேல் நடாலும் கார்லோஸ் மோயாவும் மோதினார்கள். ரெண்டு பேரும் ஸ்பெயின்காரர்கள், அதிலும் ஒரே தீவுக்காரர்கள், நண்பர்கள். மூணு செட்டும் டைபிரேக்கர். 3 மணி 54 நிமிஷம் போராடி நடால் ஜெயித்தார். அந்தக் களைப்போ என்னவோ, மறுநாள் ஃபைனலில் ரஷ்யாவின் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று சுருண்டுவிட்டார்.

‘‘நேர்ல பார்த்திருக்கீங்க சித்தப்பா... அப்புறமும் ஏன் டிவியில உட்கார்ந்து பார்க்கிறீங்க?’’ என்று ஒருநாள் கேட்டேன். ‘‘நேர்ல பார்த்தா பந்து என்ன வேகத்துல போகுதுன்னு தெரியும். டிவியில அந்த வேகம் பாதிகூடத் தெரியாது. ஆனா, அங்கே கேலரியில உட்கார்ந்திருந்த எனக்கு நடாலோட முகம் சரியாவே தெரியலை. அது டிவியிலதான் தெரியும்’’ என்றார்.

அப்போ எனக்கு அது புரியலை. மேட்ச் பார்க்கப் பார்க்கப் புரிந்தது.

நீங்களே கவனிச்சுப் பாருங்க. புல்தரையில் ஒரு பாயின்ட் எவ்வளவு நேரம் நடக்கும்? சர்வ், ரிட்டர்ன், இன்னும் ரெண்டு ஷாட்... பெரும்பாலும் சில நொடிகளில் முடிஞ்சிடும். அடுத்த சர்வ் போட 25 நொடி வரைக்கும் டைம். கேம் முடிந்து இடம் மாறும்போது 90 நொடி. செட் முடிந்தால் 2 நிமிஷம். அதாவது மூணு மணி நேர மேட்ச்சில் பந்து பறக்கிற நேரத்தைவிட, பறக்காத நேரம்தான் அதிகம். அந்த நேரத்தில் கேமரா என்ன செய்யும்? முகத்துக்குப் போயிடும். நெற்றி வியர்வையைத் துடைப்பது, ராக்கெட் நரம்பை விரலால் சரி பண்ணுவது, தனக்குள்ளே எதையோ முணுமுணுப்பது... ஃபுட்பாலில் பதினோரு பேர், கிரிக்கெட்டில் பதினோரு பேர். ஒருத்தன் சொதப்பினா இன்னொருத்தன் வந்து தோளில் தட்டுவான். சிங்கிள்ஸ் டென்னிஸில் நெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரே ஆள். தட்டிக்கொடுக்க ஆள் கிடையாது, ஒளிஞ்சுக்கவும் இடம் கிடையாது. தப்புப் பண்ணிட்டு அடுத்த 25 நொடிக்குள்ள தானே தன்னைச் சமாதானப்படுத்திக்கணும். அதை உலகமே க்ளோஸ்-அப்பில் பார்க்கும்.

வைவாவில் எக்ஸ்டர்னல் முன்னாடி உட்கார்ந்து முழிச்சவங்களுக்கு இந்த ஃபீலிங் நல்லாவே தெரியும்!

டிவியோட விம்பிள்டனுக்கு இருக்கிற சொந்தம் ரொம்பப் பழசு. 1877-ல் தொடங்கிய போட்டி இது. பி.பி.சி. இதை முதன்முதலில் டிவியில் காட்டியது 1937-ல். டிவிங்கிற பொருளே புதுசா இருந்த காலம். ஐரோப்பாவில் கலர் ஒளிபரப்பு முறைப்படி தொடங்கியதும் விம்பிள்டனை வைத்துத்தான்... 1967 ஜூலை 1-ம் தேதி, பி.பி.சி-2 சேனலில். அப்போது அந்த சேனலின் பொறுப்பாளர் யார் தெரியுமா? காடு, மலை, கடல்னு இயற்கை டாகுமென்டரிகளில் நாம பார்த்து மயங்கும் டேவிட் அட்டன்பரோ!

ஒரு விஷயம் எனக்குத் தெரிஞ்சப்போ நிஜமாவே ஆச்சர்யமா இருந்தது. டென்னிஸ் பந்து முதலில் வெள்ளையாத்தான் இருந்திருக்கு. கலர் டிவியில் வெள்ளைப் பந்தைக் கண்டுபிடிக்க முடியலைன்னுதான் 1972-ல் சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் மஞ்சள் பந்தைக் கொண்டுவந்தது. விம்பிள்டன்காரர்கள் வழக்கம்போல வீம்பு பிடித்து 1986-ல்தான் மாறினார்கள். ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருக்கிறவங்களுக்காக இல்லை... வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவங்களுக்காக ஒரு விளையாட்டோட பந்தே நிறம் மாறியிருக்கு. ‘டிவியில பார்க்கிறதெல்லாம் ஒரு பார்க்கிறதா?’ன்னு கேட்கிற ஆசாமிகளிடம் நான் எடுத்து வீசுவது இந்த மஞ்சள் பந்தைத்தான்.

நம்ம ஆளுங்களைச் சொல்லாமல் போனால் பாவம். டிவி கண்ணில் படாத காலத்திலேயே 1960, 1961-ன்னு ரெண்டு வருஷம் தொடர்ந்து விம்பிள்டன் செமி ஃபைனல் வரை போனவர் ராமநாதன் கிருஷ்ணன். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1986-ல் குவார்ட்டர் ஃபைனல். விஜய் அமிர்தராஜ் 1973, 1981-ன்னு ரெண்டு முறை குவார்ட்டர் ஃபைனல். எங்க செட்டுக்கு விஜய் அமிர்தராஜ் ஒரு குரலாகத்தான் அறிமுகம். மைக்கில் அவர் பேசினால், பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லித்தருவது மாதிரி பதற்றமே இல்லாமல் இருக்கும்.

ரெண்டு சேனல், ஒரு ரிமோட்

2019 ஜூலை 14. ஞாயிற்றுக்கிழமை. நான் ஒன்பதாம் வகுப்பு. விளையாட்டுப் பிரியர்கள் யாரும் அந்த ராத்திரியை மறக்க மாட்டாங்க. லண்டனில் ஒரு பக்கம் லார்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை ஃபைனல், இங்கிலாந்து - நியூஸிலாந்து. இன்னொரு பக்கம் விம்பிள்டனில் ஃபெடரர் - ஜோகோவிச் ஃபைனல். வீட்டில் டிவி ஒண்ணு. ரிமோட் ஒண்ணு. அப்பா கிரிக்கெட், நான் டென்னிஸ். ஓவர் முடிந்தால் டென்னிஸ், கேம் முடிந்தால் கிரிக்கெட் என்று ஒப்பந்தம்.

ரெண்டு மேட்ச்சும் முடிய மாட்டேங்குது! அங்கே 241-க்கு 241 என்று டை. இங்கே அஞ்சாவது செட் 7-7, 8-7... ஃபெடரர் கையில் சர்வ். 40-15. ரெண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட். ஒரே ஒரு பாயின்ட் எடுத்தா, 38-ஐ நெருங்கிக்கிட்டிருந்த மனுஷனுக்கு ஒன்பதாவது விம்பிள்டன் கோப்பை. முதல் பாயின்ட்டில் ஃபெடரர் அடித்த பந்து வெளியே போனது. ரெண்டாவதில் நெட்டுக்கு ஏறி வந்தார்... ஜோகோவிச் அடித்த கிராஸ்கோர்ட் ஷாட் அவரைத் தாண்டிப் போனது. அவ்வளவுதான். கடைசியில் 12-12 ஆகி, அந்த வருஷம்தான் கொண்டுவந்த புது விதிப்படி டைபிரேக். ஜோகோவிச் ஜெயித்தார். 4 மணி 57 நிமிஷம்.

மறுநாள் பேப்பரில் கணக்கைப் பார்த்தேன். அந்த மேட்ச்சில் ஃபெடரர் எடுத்த பாயின்ட் 218. ஜோகோவிச் எடுத்தது 204. கேம் கணக்கிலும் ஃபெடரர் 36, ஜோகோவிச் 32. ஏஸ் எண்ணிக்கையிலும் ஃபெடரர்தான் மேலே. எல்லாத்திலும் அதிகம் எடுத்தவர் தோற்றுவிட்டார்! அதே ராத்திரி லார்ட்ஸில் சூப்பர் ஓவரும் டை ஆகி, யார் அதிக பவுண்டரி அடிச்சாங்கன்னு எண்ணிப் பார்த்து, 26-க்கு 17-ன்னு இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தாங்க. அங்கே எண்ணிக் கொடுத்தாங்க, இங்கே எண்ணினால் பிரயோஜனம் இல்லை. கிரிக்கெட் அந்த விதியை அதே வருஷம் தூக்கிட்டாங்க. டென்னிஸ் இந்தப் பாயின்ட் கணக்கை மாத்தலை. மாத்தவும் வேண்டாம்.

டென்னிஸ் தெரியாதவங்களுக்கு ரெண்டே வரியில் காரணம். நாலு பாயின்ட் எடுத்தா ஒரு கேம் (40-40 ஆனா ரெண்டு பாயின்ட் முன்னால போகணும்), ஆறு கேம் எடுத்தா ஒரு செட், ஆண்களுக்கு மூணு செட் எடுத்தா மேட்ச். ஒரு செட்டை 6-1-ன்னு ஊதித் தள்ளினாலும் கையில் ஒரு செட், திக்கித் திணறி 7-6-ன்னு எடுத்தாலும் கையில் ஒரு செட். எத்தனை பாயின்ட் என்பது இல்லை, எந்த பாயின்ட் என்பதுதான் மேட்டர். ஃபுட்பால் மாதிரி கடிகாரமும் கிடையாது... லீடிங்கில் இருக்கிறவர் பந்தை அங்கேயும் இங்கேயும் தட்டி நேரத்தைக் கடத்த முடியாது. கடைசி பாயின்ட்டை எடுத்தே ஆகணும். 2010-ல் ஐஸ்னரும் மஹுவும் மூணு நாளா 11 மணி 5 நிமிஷம் ஆடினாங்க. அஞ்சாவது செட் 70-68. 47-47-ல் ஸ்கோர்போர்டே ஸ்தம்பிச்சுப் போச்சு!

அதனால்தான் ஹைலைட்ஸில் எனக்கு நம்பிக்கை இல்லை. பத்து நிமிஷ ஹைலைட்ஸில் 40-15 இருக்கும், தப்பிய ரெண்டு பாயின்ட்டும் இருக்கும். அந்த ரெண்டு பாயின்ட்டுக்கு அப்புறம் ஃபெடரர் டவலை நோக்கி நடந்தாரே, அந்த நடை இருக்காது. ஜோகோவிச் ஜெயித்த பிறகு குதிக்காமல், கத்தாமல், பேருக்குச் சிரித்தபடி நெட்டுக்கு வந்தார். அது ஏன்னு அஞ்சு மணி நேரமும் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். ரீல்ஸ் பார்க்கிற நண்பர்கள் கோச்சுக்கக் கூடாது.

முழுசாப் பார்க்கிறவங்களுக்குச் சின்னச் சின்ன போனஸும் உண்டு. முதல் நாள் சென்டர் கோர்ட் பச்சைப் பட்டு விரித்த மாதிரி இருக்கும். புல்லின் உயரம் வெறும் 8 மில்லிமீட்டர். நாள் போகப் போக பேஸ்லைன் பக்கம் தேய்ந்து மண் தெரிய ஆரம்பிக்கும். ரெண்டாவது வாரம் அந்த இடம் முழுக்கப் பழுப்பு. ஸ்கோர் காட்டவே வேண்டாம்... தரையின் நிறத்தை வெச்சே இது எத்தனாவது ரவுண்டுன்னு சொல்லிடலாம். (எங்க லேப் பெஞ்ச்சும் அப்படித்தான், எந்த இடத்தில் அதிகம் பேர் சால்டரிங் பண்ணியிருக்காங்கன்னு பார்த்தாலே தெரியும்.)

ஈ.சி.இ. படிக்கிறவ என்ற முறையில் ஹாக்-ஐ பற்றி ஒரு வார்த்தை. கோர்ட்டைச் சுற்றிப் பல கேமராக்கள் பந்தைப் பல கோணத்தில் படம் பிடிக்கும். அதை வைத்துப் பந்தின் பாதையைக் கணக்குப் போட்டு, கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்லும். விம்பிள்டனில் வீரர்கள் சேலஞ்ச் செய்யும் முறை 2007-ல் வந்தது. 2025-ல் கோட்டு நடுவர்களையே வீட்டுக்கு அனுப்பிட்டு, எல்லாத்தையும் மெஷினிடம் கொடுத்துட்டாங்க. கோட், தொப்பியோட குனிஞ்சு நிற்கிற அந்த மனுஷங்க இல்லாத கோர்ட், பந்தி முடிந்த மண்டபம் மாதிரி வெறிச்சுனு இருந்தது.

அந்த வருஷமே ஒரு கூத்து. பாவ்லியுசென்கோவா - கார்டால் மேட்ச். முதல் செட் 4-4. கார்டால் அடித்த பந்து நன்றாகவே வெளியே விழுந்தது, டிவியில் எங்களுக்கே தெரிஞ்சது. ‘அவுட்’ சொல்ல வேண்டிய மெஷின் வாயைத் திறக்கலை. காரணம்? கோர்ட்டின் அந்தப் பகுதிக்கான சிஸ்டத்தை யாரோ தவறுதலா ஆஃப் பண்ணி வெச்சிருந்தாங்க! பாயின்ட்டைத் திரும்ப ஆடச் சொன்னார் அம்பயர். அந்த கேமையே இழந்தார் பாவ்லியுசென்கோவா. கடைசியில் மேட்ச்சை அவரே ஜெயித்தது வேற கதை. அன்னிக்கு எங்க ஹாஸ்டல் டிவி ரூமில் இருந்த எல்லாரும் கோரஸா கத்தின வார்த்தை: ‘‘அவுட்டு!’’

டிவி ரூம், இரவு ஒன்பதரை

சரி, அந்த டிவி ரூமைப் பற்றிச் சொல்லணும். லேடீஸ் ஹாஸ்டல். கீழ்த்தளத்தில் ஒரு ரூம், சுவரில் ஒரு டிவி, முப்பது பிளாஸ்டிக் சேர். ராத்திரி ஒன்பதரைக்குப் பூட்டு. பாய்ஸ் ஹாஸ்டலில் பதினோரு மணி வரை திறந்திருக்கும். ஏன்னு கேட்டா, ‘ரூல்ஸ்மா’ என்பார்கள். விம்பிள்டன் ஃபைனல் முன்பெல்லாம் நமக்கு மாலை 6.30-க்கு ஆரம்பிக்கும். 2025-ல் அங்கே மாலை 4 மணிக்கு மாற்றினார்கள். நமக்கு இரவு 8.30. ஆக, எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மணி நேரம்.

ஜூலை 12, சனிக்கிழமை. பெண்கள் ஃபைனல். போலந்தின் இகா ஷ்வியான்டெக், அமெரிக்காவின் அமாண்டா அனிசிமோவா. நான் அனிசிமோவா கட்சி. 17 வயதிலேயே ஃபிரெஞ்ச் ஓப்பன் செமி ஃபைனல் ஆடியவர். அதே 2019-ல் அவருடைய அப்பா திடீரென இறந்துவிட்டார். கோச்சும் அவர்தான். 2023-ல் மனசு தாங்கலைன்னு டென்னிஸையே சில மாசம் ஒதுக்கி வைத்துவிட்டு, படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தார். 2024 விம்பிள்டனில் தகுதிச் சுற்றைக்கூடத் தாண்டலை. அப்படிப்பட்டவர் மறு வருஷமே நம்பர் ஒன் சபலென்காவை செமி ஃபைனலில் வீழ்த்திட்டு வந்து நிற்கிறார். இதைவிட ஒரு ஃபைனலுக்கு என்ன வேணும்?

டிவி ரூமில் நாங்க ஏழு பேர். என் ரூம்மேட் டென்னிஸ் பக்கமே வராதவ. அந்த வாரம்தான் ரிசல்ட் வந்து, ஒரே செமஸ்டரில் மூணு அரியர். வீட்டில் இன்னும் சொல்லலை. ரூமில் தனியா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், மொபைலை மேலேயே வைத்துவிட்டு வந்து கடைசி சேரில் உட்கார்ந்தாள்.

மேட்ச் ஆரம்பித்தது. 1-0. 2-0. 3-0. அனிசிமோவாவுக்குக் கை ஓடலை. சர்வ் போட்டால் டபுள் ஃபால்ட், ரேலி ஆடினால் பந்து வெளியே. முதல் செட் 6-0. ஷ்வியான்டெக்கைக் குறை சொல்ல ஒண்ணும் இல்லை, அவர் பாட்டுக்குக் கணக்கு வாத்தியார் மாதிரி தப்பே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார். ரெண்டாவது செட்டும் அதே கதை. எங்களில் நாலு பேர் எழுந்து போயிட்டாங்க. ‘‘போர்’’ என்று ஒருத்தி சொல்லிவிட்டே போனாள்.

கேமரா அனிசிமோவாவின் முகத்தை விடவே இல்லை. எங்கே போவார்? பந்தைத் தட்டித் தட்டி, மூச்சை இழுத்து விட்டு, மறுபடி சர்வ் போட வந்து நிற்கணும். அடுத்த கேம், அதற்கடுத்த கேம். ஒவ்வொரு தடவையும் வந்து நின்றார். ரூமைப் பூட்டச் சாவிக்கொத்தோடு வந்த அக்கா கதவோரமே நின்றுவிட்டார். டென்னிஸ்னா என்னன்னே தெரியாதவர். ஸ்கோரைக் காட்டி நான் சொன்னதும், ‘‘ஏம்மா, அந்தப் பிள்ளைய ஒரு தடவையாச்சும் ஜெயிக்க விடக் கூடாதா?’’ என்றார்.

விடலை. 6-0, 6-0. 57 நிமிஷம். விம்பிள்டன் பெண்கள் ஃபைனலில் 1911-க்குப் பிறகு இப்படி ஒரு ஸ்கோர் வந்ததே இல்லை.

மணி ஒன்பதரை. அக்கா பூட்டலை. பரிசளிப்பு தொடங்கியது. அழுதபடி மைக் முன்னால் வந்து நின்றார் அனிசிமோவா. அன்றைக்குக் காலையில்தான் விமானம் பிடித்து வந்து சேர்ந்த அம்மாவைப் பார்த்து, தனக்காக அவர் செய்ததையெல்லாம் சொல்லி நன்றி சொன்னார். அம்மா வந்ததால் தோற்கலைன்னு அழுகைக்கு நடுவிலும் ஒரு ஜோக். கேலரியில் அந்த அம்மாவும் அழுகிறார். திரும்பிப் பார்த்தால் கடைசி சேர் காலி. என் ரூம்மேட்டைக் காணோம். மேலே போய்ப் பார்த்தபோது மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். ‘‘மூணுப்பா... மூணு’’ என்று மட்டும் காதில் விழுந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் ஆண்கள் ஃபைனல், சின்னர் - அல்கராஸ். 3 மணி 4 நிமிஷ மேட்ச். டிவி ரூமில் பார்த்தது முதல் ஒரு மணி நேரம் மட்டும். மிச்சத்தை, ஒரு போனை பக்கெட்டின் மேல் சாய்த்து வைத்து, ஆறு பேர் தலையைச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். சின்னர் ஜெயித்தார் என்பது தெரிஞ்சது. அந்த அஞ்சு இன்ச் ஸ்க்ரீனில் முகம் எங்கே தெரியுது? பந்தே தெரியலை. சார்ஜ் 4 சதவிகிதம் என்பது மட்டும் தெளிவா தெரிஞ்சது.

கதை ஜூலையோடு முடியலை. செப்டம்பரில் யு.எஸ். ஓப்பன் குவார்ட்டர் ஃபைனல். டிரா போட்டவனுக்கு என்ன குறும்போ, மறுபடியும் அனிசிமோவா - ஷ்வியான்டெக். நமக்கு நடுராத்திரி, நான் பார்க்கலை. காலையில் எழுந்து ஸ்கோரைப் பார்த்தால்... அனிசிமோவா 6-4, 6-3! விழுந்தடிச்சுக்கிட்டுப் போய்ப் பேட்டியைப் பார்த்தேன். அதில் அவர் சொன்ன விஷயம்தான் என்னை உட்கார வைத்தது. முந்தின நாள் ராத்திரி, அந்த விம்பிள்டன் ஃபைனலோட வீடியோவைத் தானே போட்டுப் பார்த்திருக்கிறார். எவ்வளவு வலித்தாலும், எதைத் தவிர்க்கணும்னு தெரிஞ்சுக்கிறதுக்காக. உலகமே ‘போர்’னு சேனல் மாத்தின மேட்ச்சை, அதில் அடி வாங்கின ஆளே ஸ்க்ரீன் முன்னாடி உட்கார்ந்து பார்த்திருக்கார். (ஃபைனலில் சபலென்காவிடம் தோற்றார். பரவாயில்லை.)

பல் தேய்த்துக்கொண்டிருந்த ரூம்மேட்டிடம் ஓடிப்போய் ஸ்கோரைச் சொன்னேன். ‘‘யாரு... அந்த அழுத பொண்ணா?’’ என்றாள். அதற்குப் பிறகு ரெண்டு பேரும் முதல் பீரியடுக்கு லேட்.

நவம்பர் - டிசம்பர் பரீட்சையில் அவளுக்கு ரெண்டு பேப்பர் கிளியர். ஒண்ணு பாக்கி இருக்கு. இப்போ ரெண்டு பேருமா சேர்ந்து வார்டனுக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கோம். ஜூலையில் விம்பிள்டன் ஃபைனல் நடக்கும் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் டிவி ரூமை மேட்ச் முடியும் வரை திறந்து வைக்கணும்னு கோரிக்கை. ஃப்ளோர் ஃப்ளோரா கையெழுத்து வாங்கிக்கிட்டிருக்கோம். இது வரைக்கும் 63. அதில் பாதிப் பேருக்கு டியூஸ்னா என்னன்னே தெரியாது. ‘‘பாய்ஸ் ஹாஸ்டல்ல பதினோரு மணியா?’’ன்னு கேட்டுட்டு, பேனாவை வாங்கிப் போட்டுட்டாங்க. 64-வதாக சாவிக்கொத்து அக்காவிடம் நீட்டினோம். ‘‘நான் போடலாமாம்மா?’’ன்னு தயங்கினார். அப்புறம், ‘‘இந்த வருஷமும் அந்தப் பிள்ள வருமா?’’ என்றார்.